விலா எலும்புக்கு முந்தைய வரி

தேம்பாவணி நடத்தும் நாட்களில் மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்பேன்: விவிலியத்தில் பெண் எப்படிப் படைக்கப்பட்டாள்? எந்த மதத்துப் பெண்ணானாலும் விடை தெரிந்திருக்கும். விலா எலும்பிலிருந்து. அது தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரம். முதல் அதிகாரத்திலோ ஆணும் பெண்ணும் ஒருசேர, கடவுளின் சாயலில் படைக்கப்படுகிறார்கள். அங்கே எலும்பும் இல்லை, முன்பின்னும் இல்லை. அந்த வரி அநேகமாக யாருக்கும் நினைவிருப்பதில்லை.

நான் கத்தோலிக்கப் பெண் அல்ல; சொற்களைத் துருவுவது என் பிழைப்பு. இரண்டாம் அதிகாரம் பெண்ணைத் 'துணை' என்கிறது. எபிரேய மூலத்தில் அந்தச் சொல் 'ஏசெர்'. திருப்பாடல்களில் இதே சொல் ஆபத்தில் காக்க வரும் கடவுளைக் குறிக்கிறது. கடவுளுக்கு வரும்போது அரண், பெண்ணுக்கு வரும்போது எடுபிடி என்று பொருள் மாறியது வாசித்தவர்களின் கைவேலை. மனிதர் கடல் மீனையும் நிலத்தையும் ஆளட்டும் என்ற முதல் அதிகார வசனத்தையும் அவர்களேதான் வாசித்தார்கள். பூமி உடைமையானதும் பெண் ஏவலாள் ஆனதும் ஒரே வாசிப்பில்தான்.

இதில் பாதியைத் திருச்சபை திருத்திக்கொண்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், ஆளுகை என்பது சுரண்டும் உரிமை அல்ல, பேணிக் காக்கும் பொறுப்பு என்றது. கிறிஸ்தவர்கள் சில வேளைகளில் அந்த வசனத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதையும் ஒப்புக்கொண்டது. பூமியைச் சகோதரி என்றும் தாய் என்றும் அழைத்தது. ஆனால் அதன் ஆறு அதிகாரங்களில் ஒன்றுகூடப் பெண்களைப் பற்றியது அல்ல.

அந்த மடலுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே இடிந்தகரை இருந்தது. 2011இல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக அங்குள்ள லூர்து மாதா கோயில் முன் பந்தலில் மீனவப் பெண்கள் உட்கார்ந்தார்கள். பீடி சுற்றிக்கொண்டே பட்டினி கிடந்தார்கள். 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கண்ணீர்ப்புகையையும் தடியடியையும் எதிர்கொண்டார்கள்; சிலர் சிறைக்கும் போனார்கள். கடலும் மீனும் பிள்ளைகளின் உடலும் வேறுவேறல்ல என்பதுதான் அவர்கள் சொன்னது. படைப்பின் இறையியல் என்று நான் படித்தவற்றில் இதைவிடத் தெளிவானது இல்லை. ஆனால் அந்தக் கோயிலின் பீடத்தில் நின்று திருப்பலி நிறைவேற்ற அவர்களில் ஒருத்திக்கும் இன்றுவரை உரிமை இல்லை.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றின. அசோக் நகரில் எங்கள் தெருவுக்கு வந்த தண்ணீர் லாரியின் முன் குடத்தோடு நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுவேலை செய்யும் அக்காக்கள் இரண்டு முறை நின்றார்கள்: வேலை செய்யும் வீட்டுக்கு ஒரு முறை, தங்கள் வீட்டுக்கு ஒரு முறை. ஏரிகளில் எவ்வளவு கட்டடம் எழலாம் என்று முடிவானபோது இவர்களை யாரும் கேட்கவில்லை.

அதனால் 'பூமியைப் பேணுவோம்' என்று மேடையிலோ பீடத்திலோ யார் சொன்னாலும் எனக்குச் சற்று எச்சரிக்கை வந்துவிடுகிறது. பேணும் வேலை நெடுங்காலமாக நம்மிடம்தான் இருக்கிறது. முடிவெடுக்கும் அதிகாரமும் கூடவே வராவிட்டால், அது பழைய எடுபிடி வேலைக்குச் சூட்டிய புதுப்பெயர்தான். முதல் அதிகாரத்தில் அந்தப் பொறுப்பு இருவரிடமும் ஒருசேரத்தான் தரப்பட்டது. மாணவிகளை அந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொல்கிறேன்.