ஊருக்கென்று வைத்த பெட்டிகள்

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களில் சாமான் சேரும் விதமே தனி. ஊரோடு இருப்பவர்க்கு ஒரு வீட்டுக்கு வேண்டியவை போதும். நமக்கோ இரண்டு வீட்டுக்கு வேண்டியவை ஒரே கூரையின்கீழ் வந்து நிரம்பிவிடுகின்றன. நாகபுரியில் வைகாசி வெயில் 45 டிகிரியைத் தாண்டும். கூலர் இல்லாமல் உறங்க இயலாது. மார்கழி பிறந்தால் ஆளுக்கொரு ரஜாய் வேண்டும். இவற்றோடு ஆட்டுக்கல், இட்லிக் கொப்பரை, கொலுப் பலகைகள், ஊறுகாய் ஜாடிகள். ஸ்லீப்பர் வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமின்றிச் சுமை கொண்டுவரலாம் என்ற விதியை நம்மவரைப் போல் முழுமையாக அனுபவிப்பவர் வேறு எவரும் இருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து திரும்புகையில் புளியும் வடகமும் பாத்திரமுமாக வந்து இறங்குகிறோம். ஊருக்குப் போகையிலோ கையில் ஒரு பைதான். வரவு உண்டு, செலவு இல்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் எங்களுக்கு இது தெரியாததன்று.

எங்களுடையது இரண்டே அறை கொண்ட ரயில்வே குவார்ட்டர்ஸ். அம்மா, நாங்கள் இருவர், குழந்தைகள் இருவர். மூத்தவள் இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பு. உட்கார்ந்து படிக்க ஒரு மேசை போட இடம் வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறொன்றும் கேட்கவில்லை. இரு அறைகளையும் சுற்றிப் பார்த்தோம். நான்கடிச் சுவர் எங்கும் காலியில்லை. அன்றுதான் இவ்வேலை தொடங்கிற்று.

எங்கே தொடங்குவது என்பதில்தான் பலரும் திகைத்து நின்றுவிடுகிறார்கள். ஒரு நல்ல நாள் பார்த்துப் பரண் முழுவதையும் இறக்குவார்கள். நண்பகலில் நடக்க வழியிராது. மாலையில் அலுத்துப்போய் எல்லாம் பழையபடி பரணேறிவிடும். மனம் ஒட்டாத பொருளிலிருந்து தொடங்குவதே நன்று என்பது எங்கள் கருத்து. நாங்கள் மருந்து டப்பாவை எடுத்தோம். காலாவதியான பாகு மருந்துகள், திறந்து ஓராண்டான கண் சொட்டு மருந்து. இவற்றைக் கழிக்க யாருடைய கண்ணீரும் வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு அடுக்களையின் ஒரே ஓர் அலமாரித் தட்டு. மூடியில்லாப் புட்டிகள் மட்டும் பதினேழு! ஞாயிறு ஒன்றுக்கு இரண்டு மணி நேரம். அதற்குமேல் தொடுவதில்லை என்று இல்லத்தரசியார் கண்டிப்பாக இருந்தார்.

காகிதங்களில் எங்கள் தொழில் கைகொடுத்தது. அரசாங்க அலுவலகங்களில் ஒரு கோப்பை முடிக்கும்போதே அது என்றைக்கும் வைக்க வேண்டியதா, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமா என்று வகைப்படுத்திவிடுவார்கள். வீட்டிற்கும் அதுவே போதும். பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல், பணி ஆவணம், அம்மாவின் குடும்ப ஓய்வூதிய ஆணை ஆகியவை என்றைக்கும் இருக்க வேண்டியவை. இவற்றை ஒரே பையிலிட்டு, அது இருக்குமிடத்தை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவைத்தோம். கட்டித் தீர்த்த மின்கட்டண ரசீது, அடுத்த ரசீதில் பாக்கியில்லை என்று கண்டபின் எதற்கு? கணக்கு எண் உள்ள வங்கித் தாள்களைக் கிழித்த பிறகே ரத்திக்காரரிடம் கொடுக்க வேண்டும். அவருடைய தராசின் நியாயத்தைப் பற்றி இங்கு எழுதப் புகுந்தால் இடம் போதாது.

ஓராண்டு தொடாத பொருளைத் தூக்கி எறியுங்கள் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். கொலுப் பலகை ஆண்டில் சில நாளே வெளியே வருகிறது. அதற்காக அதை எறிவதா? இவ்விதி நமக்கு ஆகாது. போகிக்குக் கொளுத்திவிடலாம் என்பாரும் உளர். ஓலைப்பாயும் தென்னந்துடைப்பமும் எரிந்த காலத்து வழக்கம் அது. இன்று நம் வீட்டுக் குப்பையில் பிளாஸ்டிக்கும் ரப்பருமே மிகுதி. அப்புகை அடுத்த வீட்டுக் குழந்தையின் நெஞ்சில்தான் போய் இறங்கும். பழந்துணிக்குப் பாத்திரம் தருகிறவளும் வாசலுக்கு வருகிறாள். ஆனால் துணி போய்ப் பாத்திரம் வந்தால் அதுவும் வரவுதானே!

இப்படி நான்கு மாதத்தில் வீடு ஓரளவு மூச்சுவிட்டது. எனினும் மேசைக்கு இடம் பிறக்கவில்லை. அவ்விடத்தில் நான்கு டிரங்குப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் எங்கள் தந்தையார் வெள்ளைப் பெயிண்டால் ‘ஊருக்கு’ என்று எழுதியிருந்தார். ஓய்வு பெற்றதும் கும்பகோணத்தருகே உள்ள பூர்விக வீட்டிற்குத் திரும்புவது அவர் எண்ணம். அந்த வீடு 2009இல் பாகப்பிரிவினையில் விற்கப்பட்டது. ஓய்வு பெறுமுன்பே, 2011இல் அவரும் காலமானார். கருணை அடிப்படையில் எங்களுக்கு இவ்வேலை கிடைத்தது. பெட்டிகள் மட்டும் புறப்படக் காத்திருந்தன.

அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் வேளையில் திறந்து கழித்துவிடுங்கள் என்றார் உறவினர் ஒருவர். எங்களுக்கு அது உடன்பாடில்லை. அவருடைய பொருளைக் கழிக்கும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு. “அம்மா, பாப்பாவுக்கு மேசை போட இடம் வேண்டும்” என்று மட்டும் சொன்னோம். நான்கு நாள் அவர் பேசவில்லை. ஐந்தாம் நாள் மாலை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துத் தாமே முதற்பெட்டியைத் திறந்தார். பித்தளை அண்டா, தவலை, குடம். “இதெல்லாம் கிணறு இருக்கிற வீட்டுக்கு வாங்கினது” என்றார். அவை இப்போது நம் சங்கத்துச் சமையற்கட்டில் இருக்கின்றன. வரும் பொங்கலுக்கு அன்பர்கள் காணலாம். இரண்டாவதில் பூச்சி அரித்த பட்டும் அப்பாவின் வேட்டிகளும். ஒரு வேட்டியை அம்மா எடுத்துக்கொண்டார்.

மூன்றாவதில் தாத்தா அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள். சங்கத்து ஞாயிற்று வகுப்பில் கற்ற தமிழைக்கொண்டு பெண் ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்தாள்: நெல் விலை, பசு கன்று ஈன்றது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்ற கேள்வி. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றிரவு சாப்பாடு தாமதமாயிற்று. கடிதங்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்கிவிட்டன.

மேசை போட்டாயிற்று. நான்காவது பெட்டியின் சாவியை அம்மா இன்னும் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதை மேசைக்கருகே நகர்த்தி, மேலே ஒரு விரிப்பைப் போட்டுப் பெண் தன் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறாள்.