குண்டின் மேல் எழுதிய பாட்டு

மேல்நாட்டு இசையில் நமக்குப் பழக்கம் இல்லை. நாகூர் ஹனீபா அவர்களின் கம்பீரக் குரலிலும் மவ்லிது மஜ்லிஸ்களின் பைத்துகளிலும் வளர்ந்த செவி நம்முடையது. ஆயினும், ஒருநாள் தம்பி மகனின் அறையிலிருந்து பேரிரைச்சலோடு எழுந்த ஓர் ஆங்கிலப் பாட்டில் 'கஸ்பா' என்னும் சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கக் கேட்டு நின்றுவிட்டோம். வேலூரிலும் ஆம்பூரிலும் நாம் நடந்து பழகிய தெருக்களின் பெயரல்லவா அது! அரபியில் கோட்டையையும் அதைச் சூழ்ந்த பழைய நகரையும் குறிக்கும் அச்சொல், மேல்நாட்டார் பாட்டில் புகுந்த கதையைத் தேடிப் படித்தோம்.

பாட்டின் பெயர் 'ராக் த கஸ்பா'. 1976இல் லண்டனில் தோன்றிய 'தி கிளாஷ்' என்னும் குழுவினர் 1982இல் வெளியிட்டது. அலங்காரங்களை உதறிவிட்டுக் கோபத்தையே இசையாக்கிய 'பங்க்' மரபினர் அவர்கள். மெட்டை அமைத்தவர் குழுவின் முரசறைவோரான டாப்பர் ஹெடன். நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடத்தில் முரசு, பியானோ, பாஸ் கிதார் ஆகிய மூன்றையும் அவரே வாசித்துப் பதிவு செய்தார். ஆனால், பாட்டு புகழடையுமுன்பே போதைப் பழக்கத்தால் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அமெரிக்கப் பட்டியலில் அது 8ஆம் இடத்தைத் தொட்டபோது அவர் குழுவில் இல்லை.

சொற்களை எழுதியவர் ஜோ ஸ்ட்ரம்மர். 1952இல் துருக்கியின் அங்காராவில் பிறந்தவர். பிரிட்டிஷ் வெளிநாட்டுப் பணியில் இருந்த அவருடைய தந்தையார் பிறந்ததோ நமது லக்னோவில். குழுவின் பாடல்கள் வரவர நீண்டு போவதைக் கண்ட மேலாளர் பெர்னி ரோட்ஸ், எல்லாம் இந்திய இராகம்போல் நீளத்தான் வேண்டுமா என்று சலித்துக்கொண்டாராம். அந்தச் சலிப்பிலிருந்தே, இராகத்தை நிறுத்துமாறு ஆணையிடும் ஓர் அரசனின் கற்பனை ஸ்ட்ரம்மருக்குப் பிறந்தது. ஈரானில் 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின், இசைத்தட்டு வைத்திருந்தவர்களுக்குக் கசையடி கொடுக்கப்பட்டது என்று எவரோ சொல்லக் கேட்டதும் அவர் நினைவில் இருந்தது. அவ்வாண்டு ஜூலையில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இசை கூடாதென ஆயத்துல்லா குமைனி உரைத்தது வரலாறு.

இதையறிந்தபோது நமக்கு முதலில் எழுந்தது மனவருத்தமே. ஈரான் அரபு நாடன்று. கஸ்பா வட ஆப்பிரிக்காவுக்கு உரியது. அரசனை வெளியேற்றிய புரட்சியைப் பாட வந்தவர் பாட்டில் ஓர் அரசனையே அமர்த்துகிறார். ஷரீஃப், ஷைகு, பெதுவீன், மினாரா அனைத்தையும் ஒரே கூடையில் கொட்டியிருக்கிறார். நம்மைப் பற்றி நம்மிடம் கேளாமலே பேசும் பழக்கம் மேலைநாட்டாருக்குப் புதிதன்று என்று எண்ணிக்கொண்டோம்.

பின்னர் பாட்டின் பொருளை முழுதாகப் படித்தோம். மக்கள் தடையை மீறி இசைக்கிறார்கள். சினங்கொண்ட அரசன் தன் போர் விமானிகளை அழைத்து, மினாராக்களுக்கு நடுவே குண்டு வீசுமாறு கட்டளையிடுகிறான். விமானிகளோ குண்டு வீசுவதற்குப் பதில் வானொலியைத் திருப்பி அதே இசையைக் கேட்கிறார்கள். கீழ்ப்படிய மறுக்கும் அந்த விமானிகளும் அந்நாட்டின் மக்களே. ஸ்ட்ரம்மரின் சினம் நம் மார்க்கத்தின் மீதன்று, மக்களின் வாயை அடைக்கும் அதிகாரத்தின் மீது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இனி நடந்ததுதான் நெஞ்சைச் சுடுவது. 1991 ஜனவரியில் ஈராக்கின் மீது வான்தாக்குதல் தொடங்கியது. அமெரிக்கப் படையினரின் வானொலி இப்பாட்டை ஒலிபரப்பியது. ஈராக்கின் மீது வீசவிருந்த குண்டொன்றில் இப்பாட்டின் பெயரை எழுதினார்கள் என்ற செய்தி ஸ்ட்ரம்மருக்கு எட்டியபோது அவர் கண்ணீர் விட்டார் என்று அவரோடு பழகியவர்கள் கூறியுள்ளனர். மினாராக்களின் நடுவே குண்டு வீச மறுத்தவர்களைப் பற்றிய பாட்டு, பக்தாதின் மினாராக்களை நோக்கிப் பறந்த விமானங்களுக்குத் துணைப்பாட்டாயிற்று! 2001 செப்டம்பருக்குப் பின் அமெரிக்கப் பெரும் வானொலி நிறுவனம் ஒன்று, ஒலிபரப்பத் தகாதவை எனச் சுற்றுக்கு விட்ட பட்டியலிலும் இதே பாட்டு இடம்பெற்றது. இம்முறை இராகத்தை நிறுத்தச் சொன்ன அரசன் எந்த நாட்டவன் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

2002 டிசம்பரில் ஸ்ட்ரம்மர் காலமானார். ஈராண்டுகளுக்குப் பின், அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ரஷீத் தாஹா இப்பாட்டை அரபியில் பாடி வெளியிட்டார். கஸ்பா என்ற சொல் தன் தாய்மொழிக்கே திரும்பி வந்தது. 2018இல் அவரும் மறைந்தார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் இசை கேட்பது குறித்துத் தனியொரு பகுதியே எழுதியுள்ளார்கள். கேட்பவனின் உள்ளத்தில் இருப்பதையே இசை கிளறிவிடுகிறது என்பது அங்கே பேசப்படும் ஒரு கருத்து. பகை நிறைந்த உள்ளம் அப்பாட்டில் பகையைக் கேட்டது. முன்முடிவோடு நின்ற நம் உள்ளமும் முதலில் இழிவை மட்டுமே கேட்டது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு குண்டில் எழுதியவர்களுக்கும், ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மனம் கசந்த நமக்கும் அந்த அளவில் வேறுபாடில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

தம்பி மகனிடம் இக்கதையைச் சொன்னோம். "பெரியத்தா, இத்தனை நாளும் தாளத்தை மட்டுந்தான் கேட்டேன்" என்றான். முழுதும் கேட்டபின் தீர்ப்புச் சொல்லும் பொறுமையை வல்ல இறைவன் அவனுக்கும் நமக்கும் அருள்வானாக!