விடிய விடிய சைக்கிளில்...

லண்டன் மாநகரில் ஒரு விசித்திரமான வழக்கம் இருக்கிறது. ஜூலை மாதப் பௌர்ணமியை ஒட்டி வருகிற சனிக்கிழமை சாயங்காலம், ஹாக்னி பகுதியிலுள்ள 'லண்டன் ஃபீல்ட்ஸ்' பூங்காவில் சைக்கிள்காரர்கள் நூற்றுக்கணக்கில் வந்து கூடுவார்கள். பொழுது சாயும் நேரத்தில் புறப்பட்டு, ராத்திரி முழுக்க மிதித்து, ஞாயிறு காலையில் சஃபோக் பகுதியின் கடலோரத்திலுள்ள டன்விச் என்ற குக்கிராமத்தில் போய் நிற்பார்கள். தூரம் சுமார் 180 கிலோமீட்டர். நம் மதுரையிலிருந்து ராமேசுவரம் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்தப் பயணத்துக்கு 'டன்விச் டைனமோ' என்று பெயர். (எழுத்தில்தான் டன்விச். வாயில் 'டன்னிச்'.) டைனமோ என்றதும் எனக்கு அப்பாவின் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது. பின் டயரில் உரசிக்கொண்டு 'ர்ர்ர்' என்று சத்தம் போடுமே, அந்த டைனமோ! மெதுவாகப் போனால் விளக்கு மங்கும், வேகமாகப் போனால் பளிச்சென்று எரியும்.

இது பந்தயம் இல்லை. கட்டணம் கிடையாது, பரிசு கிடையாது, முதுகில் நம்பர் குத்திக்கொள்கிற வேலையும் கிடையாது. வழியில் நின்றுவிட்டால் ஏற்றிப் போக வண்டியும் வராது. அவரவர் சமர்த்து!

1992-ல் இந்தப் பழக்கம் தொடங்கியதாம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் நான் சைக்கிள் கற்றுக்கொண்டதும் அந்த வருஷம்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் மும்முரமாக நடந்த சமயம். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்க வேண்டும் என்று முனைந்தார். களத்துமேட்டிலும் பள்ளிக்கூடத் திடலிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் விழுந்து எழுந்து பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? பார் வைத்த ஆண்கள் சைக்கிளில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினோம். ஊரே வேடிக்கை பார்த்தது. பிறகு ஊருக்கே பழகிவிட்டது.

ஆனால் ஒரு கண்டிப்பு மட்டும் மாறவில்லை. விளக்கு வைக்கிறதுக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கூட்டம் நடந்தாலும் சரி, டியூஷன் ஆனாலும் சரி. பகல் எங்களுக்குக் கிடைத்தது, ராத்திரி கிடைக்கவில்லை. அதனால்தான், பக்கத்துத் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நர்ஸ் தங்கச்சி, "அக்கா, இந்த முறை டன்விச்சுக்கு வாறீங்களோ?" என்று கேட்டபோது, 180 கிலோமீட்டர் என்னை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. 'ராத்திரி' என்கிற வார்த்தைதான் வயிற்றைக் கலக்கியது. போனில் அம்மாவிடம் சொன்னேன். "ராத்திரியில பொம்பளைக்கு என்னடி சைக்கிள்? அதுவும் இந்த வயசுல!" என்றாள்.

யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குச் சைக்கிள் சின்ன வயதிலிருந்தே சகஜம். பள்ளிக்கூடம், டியூஷன், சந்தை எல்லாமே சைக்கிள்தான். தங்கச்சிதான் எனக்கு வாத்தியார். நான்கு மாதம், ஞாயிறுதோறும் பயிற்சி. முதலில் 15 கிலோமீட்டர், பிறகு 30, கடைசியில் 100. இடுப்புக்கும் முழங்காலுக்கும் தக்கபடி சீட்டின் உயரத்தைச் சரி செய்தாள். மிதி கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட்டு தாழ்வாக இருந்தால் முழங்கால் முன்பக்கம் வலிக்கும், ரொம்ப உயர்த்தினால் இடுப்பு ஆடும். பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் நிக்கர் அவசியம். பருத்தி ஜட்டியைப் போட்டுக்கொண்டு அதன்மேல் நிக்கரைப் போட்டால் தையல் உரசித் தொடை புண்ணாகும். இதையெல்லாம் ஆண்கள் எழுதிய புத்தகங்களில் பார்க்க முடியாது, சகோதரிகளே!

புறப்பட்ட அன்று கைப்பையில் புளியோதரை, வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர். பசி எடுத்த பிறகு சாப்பிடலாம் என்றிருந்தால் கால் சட்டென்று சோர்ந்துவிடும். மணிக்கு ஒரு தடவை ஏதாவது இரண்டு வாய். (சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இப்படிப்பட்ட நெடும்பயணத்தில் இறங்கக் கூடாது.)

எட்டரை மணிக்குக் கிளம்பினோம். ஜூலையில் அங்கே சூரியன் மறையவே ஒன்பது மணிக்கு மேல் ஆகும். ஊரைக் கடந்து, எப்பிங் காட்டு ரோட்டில் ஏறும்போதுதான் இருட்டு இறங்கியது. அதன்பிறகு தெரு விளக்கு இல்லை. முன்னால் ஏறி இறங்குகிற ரோடு நெடுகச் சிவப்பு விளக்குகள், கார்த்திகை தீபத்தைக் கயிற்றில் கோத்து இழுத்துப் போகிற மாதிரி. யார் முன்னால், யார் பின்னால் என்று தெரியாது. முகமே தெரியாத இருட்டில் சங்கிலி ஓடுகிற சத்தமும் யாரோ மெள்ளப் பேசுகிற சத்தமும் மட்டும்.

கிரேட் டன்மோ தாண்டியதும் தங்கச்சியின் பின் டயர் 'புஸ்' என்று இறங்கிவிட்டது. எனக்கு நெஞ்சு படபடத்தது. நடு ராத்திரி, ஆளில்லாத வயல்வெளி, இரண்டு பெண்கள். ஆனால் கடந்துபோன ஒவ்வொருவரும் வேகத்தைக் குறைத்து, "எல்லாம் சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். வயதான வெள்ளைக்காரர் ஒருவர் நின்று, தன் டார்ச் லைட்டைப் பிடித்தார். டியூப் மாற்றி முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் தலையசைத்துவிட்டுக் கிளம்பினார்.

"பாத்தீங்களோ அக்கா? ஒருத்தரும் எங்களைத் துரத்தேல்லை. மெல்ல மெல்ல ஓடுவம்" என்றாள் தங்கச்சி.

அந்த இடத்திலிருந்துதான் நான் ராத்திரியைப் பார்க்கவே ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். கோதுமை வயலின் காய்ந்த வாசனை. எங்கோ ஆந்தை. ஃபின்சிங்ஃபீல்ட் கிராமத்தின் குளத்தில் நிலா. படத்தில் வரைந்தது போன்ற ஊர் அது. சில திருப்பங்களில் ஜாம் பாட்டிலுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து வழி காட்டியிருந்தார்கள்.

வழியில் ஒரு கிராமத்து மண்டபத்தைத் திறந்து வைத்து டீயும் ரொட்டியும் விற்றார்கள். பெண்கள் கழிவறைக்கு நீண்ட வரிசை. உலகமெங்கும் இந்த விஷயத்தில் நம் பாடு ஒன்றுதான்! அடுத்து வந்த சட்பரி, பட்டு நெசவுக்குப் பேர் போன ஊர். காஞ்சிபுரம் போல ஓர் ஊரைத் தூங்கும்போது கடந்து போகிறோமே என்று எனக்கு வருத்தம்.

மூன்றரைக்கு மேல்தான் சோதனை. குளிர் விரல்களில் ஏறியது. கண் சொக்கியது. ஒரு மேடு வந்தபோது இறங்கித் தள்ளினோம். அதில் என்ன வெட்கம்? நான்கு மணிக்கே கிழக்கு வெளுக்க ஆரம்பித்துவிட்டது. பறவைகள் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. தூக்கம் போன இடம் தெரியவில்லை.

ஒன்பதரை மணிக்கு டன்விச். மணல் இல்லை, முழுக்கக் கூழாங்கல். கரையில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு மனிதர்கள் போட்டது போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் ஜில்லென்ற கடலில் இறங்கி அலறினார்கள். நாங்கள் கணுக்கால் வரை நனைத்துக்கொண்டதோடு சரி.

இந்தக் குக்கிராமம் ஒரு காலத்தில் பெரிய துறைமுகப் பட்டணம்! 1086-ல் எடுத்த நாட்டுக் கணக்கிலேயே பெரிய ஊராகப் பதிவாகியிருக்கிறது. 1286-லும் 1328-லும் வந்த புயல்கள் கரையை விழுங்கி, துறைமுக வாயைக் கூழாங்கல்லால் அடைத்தன. மண் மிருதுவானது. அதனால் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றது. அரை டஜனுக்கு மேற்பட்ட மாதா கோயில்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியாக நின்ற 'ஆல் செயின்ட்ஸ்' கோயில் 1904-ல் சரியத் தொடங்கி, 1919-ல் அதன் கோபுரமும் போயிற்று. புயல் நாட்களில் கடலுக்கடியில் மணி ஒலிக்கும் என்று ஊரார் கதை சொல்வார்களாம். தங்கச்சி கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் தனுஷ்கோடியைப் பற்றி, 1964 புயலைப் பற்றி, எங்கள் வீட்டில் கேட்ட கதைகளைச் சொன்னேன். அவள் தன் ஊர்க் கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புளியோதரை டப்பாவைத் திறந்தோம். பக்கத்தில் படுத்திருந்த பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் ஒரு பிடி. "காரம், காரம்" என்று கண்ணில் தண்ணீரோடு மறுபடி கை நீட்டினாள்.

திரும்பி வர, முன்னதாகவே பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கியிருந்தோம். சைக்கிள்களைப் போர்வை சுற்றி லாரியில் ஏற்றினார்கள். பக்கத்து டார்ஷம் ஸ்டேஷனில் ரயில் உண்டு. ஆனால் அதில் சைக்கிளுக்கு இடம் மிகவும் குறைவு. பஸ் கிளம்பியது மட்டும்தான் தெரியும். லண்டனில் தட்டி எழுப்பினார்கள்.

திங்கட்கிழமை மாடிப்படி ஏறுவது சுலபமாக இருந்தது. இறங்குவதுதான் பிராண சங்கடம். உட்காருவதைப் பற்றிக் கேட்காதீர்கள்.