ஐந்தடி மூன்று அங்குலம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். தாம்பரத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மின்சார ரயிலில் மேலே தொங்கும் பிடியைக்கூட எட்டித்தான் பிடிக்க வேண்டும். இப்படிப்பட்டவனுக்குக் கூடைப்பந்தில் ஆசை வரலாமா? வந்துவிட்டதே!

நம் ஊரில் கூடைப்பந்து ஆடுபவனின் கனவு மிகப் பெரிதல்ல. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வங்கியிலோ ஒரு வேலை; அவ்வளவே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கும் அந்தக் கனவு இருந்தது. சென்ற ஆண்டு ஓர் அணித் தேர்வுக்குப் போனேன். என்னை ஓடச் சொல்லவில்லை. பந்தையும் கையில் தரவில்லை. சுவரோரம் நிறுத்தி அளந்தார்கள். "அடுத்த ஆள்" என்றார்கள்.

அன்றிரவு நண்பன் ஒருவன் தன் கைப்பேசியில் ஒரு பழைய ஆட்டத்தைக் காட்டினான். நெட்டை மரங்களுக்கு நடுவே ஒரு சிறுவன் ஓடுவது போலிருந்தது. சிறுவனல்ல; 1965-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்த மக்ஸி போக்ஸ். உயரம்? ஐந்தடி மூன்று அங்குலம்! 1987-இல் வாஷிங்டன் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே அணியில் ஏழடி ஏழு அங்குல உயரமுள்ள மனூட் போல் என்பவரும் இருந்தார். மறு ஆண்டு போக்ஸ் சார்லட் அணிக்கு மாறினார். மொத்தம் பதினான்கு பருவங்கள், 2001 வரை, தொழில்முறை ஆட்டக்காரராக நிலைத்து நின்றார். என்.பி.ஏ. வரலாற்றில் அவரைவிட உயரம் குறைந்தவர் எவரும் ஆடியதில்லை.

எப்படி முடிந்தது? படித்த பாடத்தைக் கொண்டு யோசித்துப் பார்த்தேன். விழும் உயரம் நான்கில் ஒரு பங்கானால், பந்து பாதி நேரத்தில் தரையைத் தொடும். தரையோடு ஒட்டித் தட்டுபவனின் பந்து எதிராளியின் கைக்கு அகப்படும் நேரம் மிகக் குறைவு. நெட்டையர் குனிவதற்குள் குட்டையர் கடந்துவிடுவார்!

அவர் ஆடிய இடத்துக்கு பாயிண்ட் கார்டு என்று பெயர். பந்தைக் கொண்டுவந்து, கூடையில் போடக்கூடியவன் கையில் சேர்ப்பதே அவர் வேலை. அப்படித் தந்த பந்தை வாங்கியவன் கூடையில் போட்டுவிட்டால், தந்தவர் கணக்கில் ஓர் 'அசிஸ்ட்' எழுதுவார்கள். போக்ஸ் கணக்கில் அது 6,726. ஆனால், மைதானத்துப் பலகையில் பெரிதாய்த் தெரிவது புள்ளிகள் மட்டுமே.

அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு அக்காவின் நினைவு வந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, தாம்பரம் சானடோரியத்தில் தையல் வேலைக்குப் போகிறாள். இந்தப் பருவத்தின் கட்டணத்தை எண்ணி என் கையில் வைத்தவள், "ஷிப்டுக்கு நேரமாச்சுடா" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். அவள் என்னைவிட இரண்டு அங்குலம் குறைவு. நாளை பட்டம் வாங்கினால் அதில் என் பெயர் மட்டும்தான் இருக்கும்.

மாலையில் இப்போதும் ஆடுகிறேன்; முன்னைவிடக் குனிந்து தட்டுகிறேன். அடுத்த தேர்வுக்கும் போவேன். அளப்பவர்கள் அளந்துகொள்ளட்டும். அக்கா தந்த பந்து என் கையில் இருக்கிறது. அதை நழுவவிடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், நண்பர்களே!