நடந்து போகும் மாதா

சால்ஸ்பரிப் பேராலயத்துக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். 1220இல் கட்டத் தொடங்கிய ஆலயம். 123 மீட்டர் உயரமான அதன் கோபுரத்தை மிஞ்ச பிரிட்டனில் வேறு தேவாலயக் கோபுரம் இல்லை. ஊரிலிருந்து வரும் உறவுகளை அங்கே கூட்டிப் போனால், கோபுரத்தைப் பார்த்து முடித்ததும் வெளிப் புல்தரைக்கு அழைத்துப் போவேன். எலிசபெத் ஃபிரிங்க் 1981இல் வெண்கலத்தில் வார்த்த மாதா அங்கேதான் இருக்கிறாள்.

பீடம் இல்லை. முடி இல்லை, கையில் பாலனும் இல்லை. கன்னம் ஒட்டிப்போன முகம், மெலிந்த உடம்பு, எட்டி வைத்த கால். பேராலயத்துக்கு முதுகைக் காட்டியபடி ஊர்ப்பக்கம் நடக்கிறாள். மகனைப் பறிகொடுத்தவள் அழுது தீர்த்துவிட்டு, இனிச் செய்யவேண்டியதைச் செய்யப் புறப்பட்டாள் என்றே எனக்குப் படுகிறது. ஃபிரிங்க் போர்க்காலத்தில் சஃபோக்கில் வளர்ந்தவர். குண்டுவீச்சு விமானங்கள் எரிந்துகொண்டே திரும்பியதைச் சிறுவயதிலேயே கண்டவர்.

கோர்ன்வோலில், செயின்ட் ஐவ்ஸ் பங்குக் கோயிலில் பார்பரா ஹெப்வேர்த் செதுக்கிய மாதாவும் பாலனும் இருக்கிறார்கள். விமானப்படையிலிருந்த அவருடைய மகன் போல், 1953இல் தாய்லாந்தில் விமானம் விழுந்து இறந்துபோனார். அடுத்த ஆண்டு, மகனின் நினைவாக அந்தத் தாய் உளியைக் கையில் எடுத்தார். கலைக்கூடத்தில் வைத்திருந்தால் அதைப் பார்க்க வருகிறவர்கள் கலை ரசிகர்கள். கோயிலில் இருப்பதால், தன் பிள்ளைக்காக முழந்தாளிடும் எந்தத் தாய்க்கும் அது துணை.

இலங்கையில் எங்கள் மடு மாதாவும் இடம்பெயர்ந்தவள்தான். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருமார் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஓகஸ்ட்டில்தான் அது மடுவுக்குத் திரும்பியது. சனத்தோடு சேர்ந்து அலைந்த மாதாவை அறிந்தவர்களுக்கு, சால்ஸ்பரியில் நடப்பவளை அடையாளம் காண விளக்கம் தேவையில்லை.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வன்னித் தாய்மார் 2017 முதல் தெருவோரத்தில் போராடிவருகிறார்கள். அந்தத் தாய்மாரின் முகங்களை மரத்திலோ கல்லிலோ செதுக்க எங்கள் பெண்களிடம் கை உண்டு. பழைய ஆலயங்கள் பெண் சிற்பிகளுக்கு இடம் கொடுத்ததால் பிரிட்டனில் வழிபாடு குறைந்துபோகவில்லை. அதற்கு ஆழம்தான் கூடியது. எங்கள் கோயில்களும் அந்தத் தாய்மாருக்கு உள்ளே ஓர் இடம் கொடுக்கவேண்டும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கொடுக்கவேண்டும்.