ரெமோவும் ராத்திரி ஷிப்ட் பஸ்ஸும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் 'ரெமோ' படம் போட்டார்கள். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் நாலு பெண்களும் கீழே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஓசூரில் இப்போது பல வீடுகளில் மாடி என்றால் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களுக்குத்தான். ஒருத்தி ஊத்தங்கரை, ஒருத்தி அரூர், மற்ற இருவரும் திருவண்ணாமலைப் பக்கம்.

2016 அக்டோபரில் வந்த படம். இயக்கம் பாக்கியராஜ் கண்ணன், ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம். சினிமாவில் நடிக்க ஆசைப்படும் சிவகார்த்திகேயன், டாக்டரான கீர்த்தி சுரேஷைப் பார்த்ததும் காதலிக்கிறார். அந்தப் பெண்ணுக்கோ வேறொருவருடன் நிச்சயமாகிவிட்டது. நர்ஸ் வேஷத்தில் இருந்தவரை அவள் நிஜ நர்ஸ் என்றே நம்பித் தன் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கித் தருகிறாள். அப்புறம் கூடவே இருந்து மனதை மாற்றுகிறார்.

நானும் சிரித்தேன், மறைப்பானேன். அந்த ஒப்பனைக்கே பாதிக் காசு கொடுக்கலாம். ஆனால் அரூர்ப் பெண் மட்டும் பாதியிலேயே எழுந்து, யூனிபார்ம் இஸ்திரி போடணும் என்று மாடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு அவ்வளவாக வரவில்லை.

வேஷம் போட்டுக் காதலிப்பது பழைய சரக்கு. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது மாரிவோ எழுதிய ஒரு நாடகம் எங்களுக்குப் பாடம். 1730-ல் பாரிசில் மேடையேறியது. அதில் தனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள, சில்வியா என்ற பெண் தன் வேலைக்காரியின் உடையைப் போட்டுக்கொள்வாள். மாப்பிள்ளையும் அதே யோசனையோடு வேலைக்காரன் வேஷத்தில் வந்து நிற்பான்! அவன் முதலில் உண்மையைச் சொல்லிவிடுவான். அவள் சொல்ல மாட்டாள். வேலைக்காரி என்று நம்பிக்கொண்டே தன்னை மணக்க அவன் சம்மதிக்கிறானா என்று கடைசி வரை பார்ப்பாள். எங்கள் வாத்தியார் இந்த இடம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரிப்பார்.

நம்மிடமும் உண்டே. 1964-ல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் முத்துராமன் பணக்காரக் கிழவராக வருவார். ஏமாறுகிறவர் பணத்தாசை பிடித்த பாலையா. அதனால்தான் இன்றைக்கும் மனம் விட்டுச் சிரிக்கிறோம். 'ரெமோ'வில் ஏமாறுகிறவள் அந்தப் பெண். தோழி என்று நம்பித்தான் மனதில் உள்ளதைச் சொல்கிறாள். அது அப்படியே அவனுக்குக் கைமுதல் ஆகிறது. உண்மை தெரிந்தபின் அவள் கோபப்படுவதற்குப் படத்தில் நேரமே ஒதுக்கவில்லை. பாட்டுக்கு மட்டும் நேரம் இருக்கிறது. இந்த மாதிரிப் படங்களில் பெண் 'வேண்டாம்' என்று எழுதி அனுப்பிய கோப்பு, மறுபரிசீலனைக்கு என்று அவள் மேசைக்கே திரும்பத் திரும்ப வரும், கையெழுத்துப் போடும்வரை.

அதே வருஷம் ஜூனில்தான் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண்ணை வெட்டிக் கொன்றார்கள். சினிமா ஹீரோக்கள் பெண்கள் பின்னால் சுற்றுவதைப் பற்றி அப்போது நிறையப் பேசினோம். நாலு மாதத்தில் இந்தப் படம் வந்தது. தியேட்டரில் நன்றாகவே ஓடியது.

அன்று ராத்திரி என் மனைவி விஷயத்தைச் சொன்னாள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிடும் இடத்தில் ஒரு பையன் அரூர்ப் பெண்ணுக்காகக் காத்து நிற்கிறானாம். "ஒண்ணும் பேச மாட்டான் பாட்டி, சும்மா பின்னாடியே வருவான். அதான் பயமா இருக்கு" என்றாளாம்.

எனக்குத் தூக்கம் போயிற்று. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக ஓசூருக்கு வந்த புதிது. தெருவில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து கேட்ட சின்ன ஊர். வேறொரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த பெண்ணின் பின்னால் இரண்டு மாதம் தினமும் சாயங்காலம் நடந்திருக்கிறேன். பத்தடி தள்ளித்தான். ஒரு வார்த்தை பேசியதில்லை. அதையே பெரிய கண்ணியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிறகு வேறு வழியாகப் போக ஆரம்பித்தாள். வெட்கம் என்று நண்பர்களிடம் சொன்னேன். அவர்களும் ஆமாம் என்றார்கள். எல்லோரும் ஒரே கொட்டகையில் படம் பார்த்தவர்கள்தானே.

ஐம்பது வருஷம் அதை இனிமையான நினைவாகவே வைத்திருந்தேன். மனைவியிடம் கூட வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். அவள் அப்போது சிரித்தாளா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

மறுநாள் ராத்திரி டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அரூர்ப் பெண் இறங்கினாள், பின்னாலேயே மற்ற மூவரும். பையனைக் காணோம்.

"நீங்க எதுக்குத் தாத்தா இந்தப் பனியில? நாங்க நாலு பேரும் பேசி ஒரே ஷிப்டு கேட்டு வாங்கிட்டோம்" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவர்கள் முன்னால் பேசிக்கொண்டே நடந்தார்கள். பின்னால் நடந்தால் சரியாக இராது என்று தோன்றவே, எட்டி நடந்து அவர்களுக்கு முன்னால் போய்விட்டேன். முட்டி வலி இரண்டு நாள் இருந்தது.