கேட் இருந்த இடம்

2016 ஜனவரியில் அந்த வழக்குக் கட்டு என் மேசைக்கு வந்தபோது அதில் சேற்று வாடை போகவில்லை. கட்சிக்காரர் கொண்டுவந்த கிரயப் பத்திரங்களை மொட்டை மாடியில் கல் வைத்துக் காயப் போட்டிருந்தார்களாம். முந்தைய டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. தாம்பரத்துக்குத் தெற்கே இருந்த அவர்கள் நகரில் அன்றிரவு கழுத்தளவு தண்ணீர்.

வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர். விவகாரம் இதுதான். மேற்கே ஓர் ஏரி. நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் கால்வாயில் இறங்கும். நகரை ஒட்டி ஓடி, கிழக்கே உள்ள அடுத்த ஏரியில் சேரும். நடுவில் ஒரு தனியார் கல்லூரி. அது கால்வாய்க்குக் குறுக்கே மதில் எழுப்பி, அடியில் மூன்று குழாய்களைப் பதித்து வைத்திருந்தது. தண்ணீர் அங்கே முட்டித் திரும்பி இவர்கள் வீடுகளுக்குள் வந்துவிட்டது. "அந்தச் செவுத்த இடிக்கச் சொல்லி ஆர்டர் வாங்கிக் குடுங்க சார், போதும்" என்றார்.

பொதுநல மனு போட்டேன். எதிர்த்தரப்பு முதலில் சட்டத்தின் இடுக்கில் ஒளிந்துகொண்டது. ஏரிகள் பாதுகாப்புக்கென்று நம் மாநிலத்தில் 2007-இல் ஒரு சட்டம் வந்தது. அது பொதுப்பணித் துறை ஏரிகளுக்கு மட்டும்தான். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள இந்த ஏரியோ ஒன்றியத்துக்குச் சொந்தம். ஆகவே மனு நிற்காது என்று வாதம். நல்லவேளை, அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2015-இல், டி.கே. சண்முகம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு பதில் சொல்லியிருந்தது. எல்லா நீர்நிலைகளையும் காக்க வேண்டும் என்று எல். கிருஷ்ணன் வழக்கில் 2005-இல் சொன்னதை 2007-ஆம் ஆண்டுச் சட்டம் குறைத்துவிடவில்லை என்பது அந்தத் தீர்ப்பு. தண்ணீருக்கு எந்தத் துறையின் ஏரி என்று தெரியாது என்று நானும் ஒரு வரி சேர்த்தேன். நீதிபதி சிரிக்கவில்லை.

அவர் கேட்டது கணக்கு. "குழாய் போதுமா, போதாதா?"

நான் புலப்படத்தை நீட்டினேன். பழைய படங்களில் அளவு அடியில் இருக்காது, லிங்க்கில் இருக்கும். நூறு லிங்க் ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி. கல்லூரி இருக்கும் புல எண்ணில் கால்வாயின் அகலம் 60 லிங்க். ஏறக்குறைய 40 அடி. ஆழம் நான்கு அடி என்றே வைத்துக்கொண்டாலும் 160 சதுர அடி வாய். மூன்றடி விட்டமுள்ள குழாய்கள் மூன்றையும் சேர்த்தால் 21 சதுர அடி. ஏழில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அவற்றிலும் பாதி வாயை ஆகாயத்தாமரை அடைத்திருந்தது. என் முப்பது வருடத் தொழிலில் சட்டப் புத்தகத்தைவிடப் பெருக்கல் வாய்பாடு அதிகம் உதவிய வழக்கு அது.

இடத்தைப் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையராக ஓர் இளம் பெண் வக்கீலை நியமித்தார்கள். வட்ட நில அளவர் சங்கிலியோடு வந்தார். எங்கள் தரப்பில் பழைய கால்வாயை அடையாளம் காட்ட ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துப் போனோம். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த ஏரிக்கு நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும் வயலுக்கு வயல் தண்ணீர் பிரிப்பதும் அவர்கள் வேலை. வயல்கள் மனைகளான பிறகு வேலை போனாலும், தண்ணீர் போகும் தடம் அவர் காலில் இருந்தது.

கலங்கலிலிருந்து நடக்கத் தொடங்கினார். நாங்கள் பின்னால். எந்த மேட்டையும் பள்ளத்தையும் பார்க்காமல் நேராக என் கட்சிக்காரர் நகருக்குள் நுழைந்து, மூன்றாவது தெரு முனையில் ஒரு நீல கேட்டின் முன்னால் நின்று கைத்தடியால் தட்டினார்.

"இதான் ஐயா கால்வா. இங்கதான் எருமைய எறக்கிக் குளிப்பாட்டுவோம்."

அது செயலாளர் வீட்டு கேட்.

ஆணையர் குறித்துக்கொண்டார். செயலாளர் என்னைப் பார்த்தார். நான் நில அளவரைப் பார்த்தேன். கல்லூரிப் பக்கத்துப் புலப்படங்களை வரிக்கு வரி படித்த நான், என் கட்சிக்காரர் தெருவின் படத்தை வாங்கவே இல்லை. தொழிலில் இதைவிட மட்டமான பிழை கிடையாது. எதிரியின் வேட்டியில் கறை தேடுகிறவன் தன் சட்டையைப் பார்க்க மறந்த கதை.

மறுநாள் வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய 'அ' பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். அந்தத் தெருவின் புல எண்ணுக்கு நேரே ஓடைப் புறம்போக்கு என்றிருந்தது. எண்பதுகளில் நடந்த யூ.டி.ஆர். நில அளவையில் அதன் ஒரு கீற்று உட்பிரிவாகி, தனியார் பெயரில் பட்டாவாகி, பிறகு மனையாகி விற்கப்பட்டிருந்தது. செயலாளர் நேர்மையாக, வங்கிக் கடன் வாங்கி, பத்திரம் பதிந்து வாங்கியவர். இப்படி ஏழு வீடுகள்.

"ரிட்ட வாபஸ் வாங்கிடலாமா சார்?" என்று கேட்டார்.

"வாங்கலாம். ஆனா ஆணையர் அறிக்கை வாபஸ் ஆகாது. தண்ணியும் ஆகாது. நாமளே முதல்ல சொல்லிட்டா கல்லூரிச் செவுரும் போகும். மறைச்சா நம்ம கேட் மட்டும்தான் போகும்."

மூன்று நாள் அவர் போன் எடுக்கவில்லை. நலச்சங்கக் கூட்டத்தில் நாற்காலி பறந்ததாகக் கேள்வி. நான்காம் நாள் ஒரே ஒரு குறுஞ்செய்தி: "போட்டுடுங்க." கூடுதல் பிரமாணப் பத்திரத்தில் ஏழு வீடுகளின் விவரத்தையும் நாங்களே எழுதிக் கொடுத்தோம்.

உத்தரவு வந்தது. வருவாய்த் துறை விசாரித்து, தவறாக வந்த உட்பிரிவுகளைச் சரிசெய்து, கலங்கலிலிருந்து அடுத்த ஏரிவரை கால்வாயை முழு அகலத்துக்கு மீட்க வேண்டும். மனுதாரர், எதிர்மனுதாரர் என்ற வேறுபாடு கூடாது. ஏழு வீடுகளில் யாருக்கும் வீடு போகவில்லை. மதில், கேட், கார் நிறுத்தும் கொட்டகை, ஒருவருக்குச் சமையலறையின் பாதி.

வீடே போனவர்கள் வேறு. கல்லூரியைத் தாண்டி, கரையோரம் முப்பது குடிசைகள் இருந்தன. மனுவிலும் இல்லை, எதிர்ப்பிலும் இல்லை. அவர்களுக்காகப் பேச யாரும் இல்லை. மாற்று வீடு பல மைல் தள்ளிக் கொடுத்தார்கள். பிள்ளைகளின் முழுஆண்டுத் தேர்வு முடியும்வரை அவகாசம் வேண்டும் என்று நான் எழுந்து கேட்டேன், கிடைத்தது. அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை. அந்த வழக்கில் நான் ஜெயித்தேன் என்று யாராவது சொன்னால் இந்த இடத்தில் எனக்கு நாக்கு வறண்டுவிடும்.

உத்தரவை நிறைவேற்ற வைக்க ஓர் அவமதிப்பு மனுவும் இரண்டு வருடமும் தேவைப்பட்டன. 2018-இல் குழாய்கள் போய், கல்லூரி மதிலுக்கு அடியில் அகலமான பாக்ஸ் கல்வெர்ட் வந்தது. அதிலிருந்து நகர்வாசிகள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகாயத்தாமரையை வாரி எடுத்துவிடுவது. நீர்க்கட்டிப் பெரியவரின் பேரனுக்குச் சங்கத்திலிருந்து ஒரு சிறு தொகை. மழை நாளில் அவன் கலங்கலில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து வாட்ஸ்அப்பில் போடுவான். கலங்கலுக்கு ஓரடி கீழே வந்தால் கார்களை மேட்டுத் தெருவுக்கு ஏற்றுவது, பத்திரங்களைப் பரணில் வைப்பது, தனியே இருக்கும் வயதானவர்களை மாடி வீடுகளுக்கு அழைத்துப் போவது. யார் யாரை அழைப்பது என்பதற்கு ஒரு பட்டியலும் உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடலில் நின்று மழையைக் கொட்டிய மறுநாள், சிக்னல் வந்ததும் செயலாளர் கூப்பிட்டார். என் பீஸில் கடைசித் தவணை அவரிடம் இன்னும் பாக்கி. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

"ராத்திரி வாசல்ல முட்டளவு வந்துச்சு சார். ரெண்டு மணி நேரத்துல எறங்கிடுச்சு. வீட்டுக்குள்ள ஒரு சொட்டு இல்ல."

"நல்லது சார்."

"என்ன நல்லது? கேட் இல்லாததால ஊர் மாடு மொத்தமும் என் வராண்டாவுல வந்து நிக்குது. இதுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போறது?"